அமெரிக்க என்ஜினைக் காதலித்த ஆங்கிலேயர்

மாண்டிகார்லோ கார் பந்தயம் என்றால் ஐரோப்பாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உடம்பு நடுங்கும் குளிர் காலத்தில் நடக்கும் பந்தயம் அது. அந்தக் காலத்தில் பல நகரங்களில் இருந்து கார்கள் புறப்பட்டன. பனி மூடிய மலைப் பாதைகளைக் கடந்து, கடலோரத்தில் உள்ள மாண்டிகார்லோவுக்குக் குறித்த நேரத்தில் வந்து சேர வேண்டியிருந்தது.

1952-ம் ஆண்டு ஜனவரி மாதப் பந்தயத்தில் பனி கொட்டித் தீர்த்தது. கார்கள் வழுக்கின. பலர் பாதி வழியில் நின்று விட்டார்கள். முடிவில் முதல் பரிசு சிட்னி ஆலார்ட் என்ற ஆங்கிலேயருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 41. இரண்டாவதாக வந்தவர் பெயர் ஸ்டிர்லிங் மாஸ். பின்னாளில் உலகப் புகழ் பெற்றாரே, அதே மாஸ்தான்!

ஆலார்ட் ஓட்டிய காரின் பெயரும் ஆலார்ட்! தம் சொந்தத் தொழிற்சாலையில் செய்த காரைத் தாமே ஓட்டி அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் அவர் ஒருவரே.

அந்தக் காரில் இன்னொரு விசேஷமும் உண்டு. உடம்பு ஆங்கில உடம்பு. உள்ளே துடித்த இதயமோ அமெரிக்காவில் பிறந்த போர்டு வி-8 என்ஜின்.

வி-8 என்றால் என்ன?

சிட்னி ஆலார்ட் 1910-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி பிறந்தார். சிறு வயதிலேயே மோட்டார் மோகம் பிடித்துக் கொண்டது. மூன்று சக்கர மார்கன் வண்டியில் பந்தயம் ஓட்டினார். மகனுடைய ஆசையைத் தந்தை தடுக்கவில்லை. லண்டனில் பட்னி என்ற பகுதியில் மகனுக்கு ஒரு மோட்டார் கம்பெனியையே வாங்கிக் கொடுத்தார். அதன் பெயர் ஆட்லார்ட்ஸ். ஆலார்ட், ஆட்லார்ட்! இரண்டு பெயர்களும் ஒன்று போல் இருப்பது தற்செயல்தான்.

அங்கே போர்டு கார்கள் விற்றார்கள், பழுது பார்த்தார்கள். 1932-ல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு ஒரு புது என்ஜினைக் கொண்டு வந்தார். எட்டு சிலிண்டர்கள். பக்கத்துக்கு நாலாக, ஆங்கில எழுத்து ‘வி’ போலச் சாய்ந்து நிற்கும். அதனால்தான் வி-8 என்று பெயர். அதற்கு முன் எட்டு சிலிண்டர் என்பது பணக்காரர் வீட்டுச் சமாசாரம். போர்டு அதைச் சாதாரண மக்களுக்கும் எட்டும் விலையில் விற்றார்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே சர்க்கார் காருக்கு வரி போட ஒரு கணக்கு வைத்திருந்தது. சிலிண்டரின் அகலத்தை அளந்து வரி போடுவார்கள். அகலம் கூடினால் வரியும் கூடும். ஆகவே ஆங்கிலக் கம்பெனிகள் ஒடுக்கமான சிலிண்டர் வைத்த சின்ன என்ஜின்களையே செய்தன. அந்த என்ஜின் மேடு ஏற வேண்டுமானால் அலற வேண்டும். கியரை மாற்றி மாற்றிக் கை ஓய்ந்து போகும்.

அமெரிக்க என்ஜின் அப்படி அல்ல. 3.6 லிட்டர் அளவு. மெதுவாகச் சுற்றும்போதே யானை போல இழுக்கும். கெட்டுப் போனால் எந்தப் போர்டு கடையிலும் உதிரிப் பாகம் கிடைக்கும். சிறு பட்டறைக்காரன்கூடப் பிரித்து மாட்டி விடுவான். ஐரோப்பாவில் சிலர் அமெரிக்க என்ஜினுக்காக உயிரை விடுவதற்கு இதுதான் காரணம். ஓசைக்காகவும் என்று சேர்த்துச் சொல்லலாம். வி-8 உறுமுவதைக் கேட்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

நொறுங்கிய காரில் பிறந்த கார்

1936-ல் விபத்தில் நொறுங்கிய ஒரு போர்டு வி-8 காரை ஆலார்ட் எடுத்தார். உடம்பைக் கழற்றி எறிந்தார். பிரெஞ்சுப் பந்தயக் காரான புகாட்டியின் பின்பகுதியை எடுத்து அதில் பொருத்தினார். அழகான கார் என்று சொல்ல முடியாது. ஆனால் சேறும் கல்லுமான மலைச் சரிவில் அது ஏறிய வேகத்தைக் கண்டு மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சேற்று மலை ஏறும் போட்டிகள் பிரபலம். ஆலார்டும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து பரிசுகளை அள்ளினார்கள். அந்த நண்பர்களில் ஒருவர் கய் வார்பர்ட்டன். 1952-ல் மாண்டிகார்லோ வரை கூடப் போனவரும் அவரே.

எங்களுக்கும் இப்படி ஒரு கார் வேண்டும் என்று சிலர் வந்தார்கள். யுத்தத்துக்கு முன் சுமார் ஒரு டஜன் கார்கள் செய்து கொடுத்தார்.

யுத்த காலத்தில் பட்டறையில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தார்கள். யுத்தம் முடிந்ததும் ஆலார்ட் மோட்டார் கம்பெனி பிறந்தது. ஆலார்டும் சும்மா முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. 1949-ல் மலை ஏற்றப் போட்டியில் பிரிட்டனின் சாம்பியன் ஆனார். மனைவி எலினாரும் லேசுப்பட்டவர் அல்ல. அவரும் பந்தயங்களில் கார் ஓட்டினார்!

என்ஜின் இல்லாமல் கப்பல் ஏறிய கார்

1949-ல் அமெரிக்காவில் காடிலாக் கம்பெனி ஒரு புது வி-8 கொண்டு வந்தது. 5.4 லிட்டர். 160 குதிரைச் சக்தி. ஆலார்டுக்கு அதன் மேல் கண் விழுந்தது. ஆனால் யுத்தத்தால் நொடிந்து போன இங்கிலாந்தில் டாலர் தட்டுப்பாடு. டாலர் கொடுத்து என்ஜின் வாங்குவது குதிரைக் கொம்பாக இருந்தது.

ஆலார்ட் ஒரு வழி செய்தார். ஜே-2 என்று ஒரு கார். எடை குறைவு. கதவு என்று பேருக்கு ஒன்று. அதை என்ஜின் இல்லாமலே கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார். வாங்கியவர்கள் அங்கேயே காடிலாக் என்ஜினை வாங்கிப் பொருத்திக் கொண்டார்கள். அப்படிப்பட்ட காடிலாக்-ஆலார்ட் ஒன்றுதான் 1950-ல் வாட்கின்ஸ் கிளென் பந்தயத்தில் முதலாவதாக வந்தது.

அதே 1950-ல் பிரான்சில் லெ மான் பந்தயம். இருபத்து நாலு மணி நேரம் இரவு பகலாக ஓட வேண்டும். அமெரிக்கர்கள் இரண்டு காடிலாக் கார்களையே கொண்டு வந்தார்கள். அவை பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் வந்தன. ஆலார்ட், டாம் கோல் என்பவரோடு மாறி மாறி, காடிலாக் என்ஜின் வைத்த ஜே-2 காரை ஓட்டினார். நடுவிலே கியர் பெட்டி பழுதாயிற்று. மேல் கியர் ஒன்றுதான் மிஞ்சியது. வேறு என்ஜினாக இருந்தால் முக்கி முனகி நின்றிருக்கும். அது இழுத்துக் கொண்டே போயிற்று. மூன்றாவது இடம்!

1953-ல் அதே லெ மானில் முதல் சுற்றில் ஆலார்டின் கார்தான் முன்னால் வந்தது. ஆனால் சில சுற்றுகளிலேயே பிரேக் போய் விலக நேர்ந்தது. அவருடைய தொழிலும் ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று. ஜாகுவார் போன்ற பெரிய கம்பெனிகள் அழகும் வேகமும் உள்ள கார்களை ஏராளமாகச் செய்து மலிவாக விற்றன. கைவேலையாகக் கார் செய்த ஆலார்ட் எப்படி ஈடு கொடுப்பார்? மொத்தம் சுமார் 1,900 கார்கள். அதோடு 1950-களின் கடைசியில் கார் தயாரிப்பு நின்றது.

அவர் விதைத்த விதை வேறு இடத்தில் முளைத்தது. அமெரிக்காவில் ஆலார்ட் காரில் பந்தயம் ஓட்டிய வாலிபர்களில் ஒருவர் கரோல் ஷெல்பி. அவர் 1962-ல் ஆங்கில ஏ.சி. காரில் அமெரிக்கப் போர்டு வி-8 என்ஜினை வைத்துக் கோப்ரா காரைச் செய்தார். ஆலார்டிடம் வேலை பார்த்த சோரா ஆர்க்கஸ்-டன்டோவ், அமெரிக்காவின் கார்வெட் காரைப் பந்தயக் குதிரை ஆக்கினார்.

கால் மைல் ஓட்டம்

ஐம்பது வயதானவர் ஓய்வு எடுப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? 1961-ல் ஆலார்ட் ஒரு விசித்திர வண்டியைச் செய்தார். நீண்ட இரும்புக் குழாய்ச் சட்டம். அதில் காற்றை அழுத்தி ஊட்டும் கிரைஸ்லர் வி-8. நின்ற இடத்தில் இருந்து கால் மைல் தூரம் நேராகப் பாய வேண்டும். அவ்வளவுதான் பந்தயம். அமெரிக்காவில் பிரபலமான இந்த விளையாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டு வருவதில் அவர் முன் நின்றார். 1964-ல் அமெரிக்க வீரர்கள் தங்கள் வண்டிகளோடு வந்து விமானத் தளங்களின் ஓடு பாதைகளில் ஓட்டிக் காட்டினார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள்.

1966-ம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில், இங்கிலாந்தில் இந்தப் பந்தயத்துக்கென்று சாண்டா பாட் என்ற இடம் திறக்கப்பட்டது. யுத்த காலத்தில் அமெரிக்கக் குண்டு விமானங்கள் ஏறி இறங்கிய தளம் அது. அதே வாரத்தில், ஏப்ரல் 12-ந் தேதி, சிட்னி ஆலார்ட் காலமானார். வயது 55.

அன்று இரவே லண்டன் கிளாப்பாமில் இருந்த அவருடைய பட்டறை தீப்பற்றி எரிந்தது. எந்தக் கார் யாருக்கு விற்கப்பட்டது, எந்த என்ஜின் எதில் பொருத்தப்பட்டது என்று எழுதி வைத்திருந்த ஏடுகள் பல சாம்பலாயின. ஆலார்ட் கார் வைத்திருப்பவர்கள் தங்கள் காரின் ஜாதகத்தைத் தாங்களே தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.