டாக்டர் கண்ட மீன் கனவு

கோவை மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் வழியே பவானி ஓடுகிறது. நீலகிரி ஓடைகள் பல அதில் வந்து சேருகின்றன.

அந்த ஓடைகளில் இங்கிலாந்து நாட்டு டிரவுட் மீனை வளர்க்க ஆசைப்பட்டார், டாக்டர் பிரான்சிஸ் டே. ஈ போல இறகு கட்டிய தூண்டிலை, கரையில் நின்று வீசிப் பிடிக்கும் மீன் அது.

டே 1829-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னை ராணுவத்தில் டாக்டர். 1860-களில் கடல் கடந்து மீன் முட்டைகளைக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. இந்திய மீன்களை ஆராய்ந்து, 1875 முதல் 1878 வரை பெரிய நூல் வெளியிட்டார். குஞ்சுகளையும் அள்ளும் சிறுகண் வலைகளால் மீன்வளம் அழியும் என்று அரசாங்கத்தை எச்சரித்தார்.

1889-ல் காலமானார். 1907-ல் நீலகிரி அவலாஞ்சியில் டிரவுட் பொரிப்பகம் அமைந்தது. கனவு பலித்தது. காண அவர் இல்லை!