ப. சுப்பராயன்

பரமசிவ சுப்பராயன் (செப்டம்பர் 11, 1889 - அக்டோபர் 6, 1962) சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வரும், விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் நடுவண் அமைச்சராகவும் மகாராட்டிர ஆளுநராகவும் பணியாற்றியவரும் ஆவார். குமாரமங்கலம் என்னும் சிற்றூரின் பெயர் அகில இந்திய அளவில் அறியப்பட்ட குடும்பப் பெயரானது இவருடைய பிள்ளைகளின் வழியாகவேயாகும்.

பிறப்பும் கல்வியும்

சுப்பராயன் அன்றைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். 1997 முதல் இவ்வூர் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆக்சுபோர்டின் வாதம் கல்லூரியிலும் கற்று வழக்கறிஞரானார்.

கொங்கு வேளாளர் சமூகத்தைச் சேர்ந்த இவர், மங்களூர் சமூக சீர்திருத்தவாதி குத்முல் ரங்காராவின் மகள் ராதாபாயை மணந்தார். சாதியையும் மொழியையும் கடந்த இத்திருமணம் அக்காலத்தில் அரிதானது. ராதாபாய் 1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்து கொண்டார். 1938 இல் மாநிலங்கள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் முதல் பெண் உறுப்பினரானார்.

அரசியல் வாழ்க்கை

1926 தேர்தலில் அதிக இடங்களை வென்ற சுயராஜ்யக் கட்சி ஆட்சியமைக்க மறுத்தது. எனவே கட்சி சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் முதல்வராக நியமித்தார். சைமன் குழுவைப் புறக்கணிப்பது குறித்த பிணக்கில் அமைச்சர்கள் இருவர் பதவி விலகினர். அதன் பின்னர் நீதிக்கட்சியின் ஆதரவுடன் அமைச்சரவை 1930 வரை நீடித்தது. அமைச்சர் முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமை ஆணையைச் செயற்படுத்தியதும் இவ்வாட்சியிலேயே.

பின்னர் காங்கிரசில் இணைந்த சுப்பராயன், 1937 இல் அமைந்த இராஜாஜி அமைச்சரவையிலும் 1947 இல் அமைந்த ஓமந்தூரார் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். இந்திய அரசியல் நிர்ணய மன்ற உறுப்பினராகவும் இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதராகவும் பணியாற்றினார். 1955 இல் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தின் பெரும்பான்மை முடிவை ஏற்காமல், சுனிதி குமார் சட்டர்ஜியைப் போலவே இவரும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். 1957 இல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். 1959 முதல் 1962 வரை நடுவண் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார். 1962 ஏப்ரலில் மகாராட்டிர ஆளுநராகப் பொறுப்பேற்று, அப்பதவியில் இருக்கும்போதே காலமானார். 1938 முதல் 1946 வரை இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார்.

குடும்பப் பெயர்

தமிழர் வழக்கப்படி சுப்பராயன் தம் பெயருக்கு முன் தலைப்பெழுத்தை மட்டுமே இட்டுக்கொண்டார். அவருடைய மகன்மார் மூவரும் ஊரின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டனர். இடைக்காலத்தில் பிராமணர்களுக்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊர்கள் பலவற்றின் பெயர்கள் 'மங்கலம்' என முடிந்தன. அத்தகைய ஈற்றைக் கொண்ட ஓர் ஊர்ப்பெயர், 20ஆம் நூற்றாண்டில் ஒரு வேளாளக் குடும்பத்தின் அடையாளமாயிற்று.

மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தளபதியாக இருந்தார். கோபால் குமாரமங்கலம் கோல் இந்தியா நிறுவனத்தின் தலைவரானார். மோகன் குமாரமங்கலம் பொதுவுடைமைக் கட்சியில் பணியாற்றிப் பின்னர் காங்கிரசில் சேர்ந்து நடுவண் அமைச்சரானார். 1973 மே 31 அன்று வானூர்தி விபத்தில் இறந்தார். மகள் பார்வதி, கணவரின் பெயரை ஏற்றுப் பார்வதி கிருஷ்ணன் எனப்பட்டார். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த இவர் கோயம்புத்தூர் மக்களவை உறுப்பினராக இருந்தார். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் சேலத்திலிருந்து 1984, 1989, 1991 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்குத் தேர்வானார். பின்னர் வாஜ்பாய் அமைச்சரவையில் மின்துறை அமைச்சராக இருந்தார்.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறை ஒழிக்கப்பட்டது. ஜமீன் மறைந்த பின்னரும் அதன் ஊர்ப்பெயர் நிலைத்தது. சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இன்றும் அப்பெயரைத் தாங்கியுள்ளது.