சவலைப் பிள்ளையின் நோயைக் கண்ட டாக்டர் அம்மாள்

தாய் அடுத்த பிள்ளையைக் கருவில் சுமக்கிறாள். மடியில் இருக்கும் குழந்தைக்குப் பால் மறுக்கப்படுகிறது. அது இளைக்கிறது, எதற்கெடுத்தாலும் சிணுங்குகிறது. அதைச் சவலைப் பிள்ளை என்கிறோம் அல்லவா?

ஆப்பிரிக்காவின் கா இனத் தாய்மார்களும் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குவாஷியோர்கர் என்பது அந்தப் பெயர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்று பொருள். இந்தப் பெயரை உலக மருத்துவ நூல்களில் ஏற்றியவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ்.

சிசிலி 1893-ம் ஆண்டு ஜமைக்கா தீவில் பிறந்தார். இவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கடினம், டாக்டருக்குப் படிக்கட்டும் என்று தந்தை வேடிக்கையாகச் சொன்னாராம். முதல் உலகப் போர் நடந்தது. ஆண் மாணவர்கள் போர்முனைக்குப் போனார்கள். அதனால் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. சிசிலி டாக்டர் ஆனார்.

1929-ல் கோல்டு கோஸ்ட் நாட்டுக்குப் போனார். அதுதான் இன்றைய கானா. அங்கே குழந்தைகளின் கால் வீங்கியது. முடி செம்பட்டையாயிற்று. தோல் உரிந்தது. பெரிய டாக்டர்கள் வேறு ஏதோ வியாதி என்றார்கள். சிசிலி தாய்மார்களைக் கேட்டார். பால் மறந்த குழந்தைக்கு மக்காச்சோளக் கஞ்சி மட்டுமே கிடைத்தது தெரிய வந்தது. சத்துக் குறைவே காரணம் என்று 1933-ல் எழுதினார். 1935-ல் நோயின் பெயரையும் வெளியிட்டார். படித்தவர்கள் தயங்கியபோது, படிக்காத தாய்மார்கள் சொன்னதை அவர் நம்பினார். அதுவே அவருடைய பெருமை.

டப்பாப் பால்

1936-ல் அவரை மலேயாவுக்கு மாற்றினார்கள். அங்கே வேறொரு கொடுமை நடந்தது. நர்சு போல உடுத்திய பெண்கள் வீடு வீடாகப் போய், சர்க்கரை சேர்த்த டப்பாப் பாலை விற்றார்கள். தாய்மார்கள் தாய்ப்பாலை நிறுத்தினார்கள். குழந்தைகள் செத்தன.

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் சிசிலி பேசினார். பேச்சின் தலைப்பு பாலும் கொலையும்! இப்படிப் பால் விற்பதைக் கொலை என்றே அவர் சொன்னார்.

சிறையில் 20 குழந்தைகள்

1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சிசிலி சாங்கி சிறையில் அடைபட்டார். ரகசியப் போலீசார் அவரைக் கொண்டுபோய்ப் பல மாதங்கள் வதைத்தார்கள்.

சிறையில் அரை வயிற்றுச் சோறு. பெண்கள் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். அந்த நிலையிலும் 20 குழந்தைகள் பிறந்தன. 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன. 20-ம் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் கணக்குச் சொன்னார்.

இது எப்படி நடந்தது?

மெலிந்த தாயின் பால் தண்ணீராக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 100 மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் சர்க்கரையும் 1 கிராம் புரதமும் இருக்கின்றன. தாய் பருமனாயினும் ஒல்லியாயினும் இவை அதிகம் மாறுவதில்லை. உணவு போதாதபோது தாயின் உடல் தன் சேமிப்பை எடுத்துப் பாலுக்குக் கொடுக்கிறது. ஆகவே நட்டம் தாய்க்குத்தான்!

பாலின் கொழுப்பு அப்படி அல்ல. அது கூடும், குறையும். பருமனான தாயின் பாலில் சற்றே அதிகம் இருக்கக்கூடும். ஆனால் அப்படிப்பட்ட தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் பால் இறங்கச் சிறிது தாமதமாவதும் உண்டு. அதைக் கண்டு பயந்து புட்டிப்பாலுக்குப் போவது வீண் வேலை. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

வைட்டமின் விஷயத்தில் மட்டும் தாயின் சாப்பாடு நேராகப் பேசுகிறது. தீட்டிய அரிசியை மட்டும் உண்ணும் தாய்க்கு பி-1 வைட்டமின் குறையும். பாலிலும் குறையும். அந்தக் குழந்தையைப் பெரிபெரி நோய் தாக்கும். குழந்தைக்கு மருந்து தேடுகிற வீட்டார், தாயின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லிப் பட்டினி போடும் மாமியார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டினி மிகவும் கடுமையானால் பாலின் அளவும் குறைந்துவிடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவியாக 1948-ல் அமர்ந்தவர் சிசிலிதான். குழந்தைப்பால் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் உலக விதிமுறை 1981-ல் வந்தது. சிங்கப்பூர்ப் பேச்சு முடிந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மையாருக்கு அப்போது வயது 87. அதன் பின்னும் 11 ஆண்டுகள் வாழ்ந்து, 1992-ல் ஆக்ஸ்போர்டில் காலமானார்.