பேரணாம்பட்டு தோலுக்குள் ஒரு மூன்றிழைக் கயிறு: அதைக் கண்டுபிடித்த ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

பேரணாம்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே மூக்குக்குத் தெரிந்துவிடும், இது தோல் ஊர் என்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் பகுதியில் இதுவும் ஒரு முக்கியமான ஊர். உப்பு போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும். சுண்ணாம்பில் ஊறி, ரோமம் நீங்கி, டிரம்மில் சுற்றி, கடைசியில் ஷூவாகவும் பெல்ட்டாகவும் பர்ஸாகவும் உலகம் சுற்றப் போகும்.

இதில் ஒரு கேள்வி இருக்கு. உப்புகூட போடாமல் வெயிலில் விட்டால் ஒரே நாளில் நாற ஆரம்பிக்கும் தோல், பதனிட்ட பிறகு வருடக்கணக்கில் எப்படித் தாங்குகிறது?

இதற்குப் பதில் தோலின் உள்ளே, கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கிறது. தோலின் முக்கியப் பொருளான கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம்தான் அது. அந்த வடிவத்தை 1950-களில் சென்னை கிண்டியில் இருந்துகொண்டு கண்டுபிடித்துச் சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன். ராமச்சந்திரன் என்றதும் நமக்கு எம்.ஜி.ஆர் ஞாபகம் வரும். ஆனால் உலகம் முழுக்க உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கு அந்தப் பெயர் என்றால் இவர்தான்.

எலெக்ட்ரிக்கலில் சேர்ந்து இயற்பியலுக்குத் தாவியவர்

1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தார். முழுப் பெயர் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன். பெயரில் இருக்கும் கோபாலசமுத்திரம், திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் பூர்வீக ஊர். அப்பா எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அதனால் வீட்டிலேயே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பிரிவில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறையில் இருந்தவர் சர் சி.வி.ராமன். கொஞ்ச நாளிலேயே ராமச்சந்திரன் ராமனின் மாணவராகிவிட்டார். வைரம் உள்ளிட்ட படிகங்களில் எக்ஸ் கதிரையும் ஒளியையும் செலுத்தி ஆராய்ச்சி செய்தார். பிறகு 1947-ல் கேம்பிரிட்ஜ் போய், 1949-ல் இரண்டாவது டாக்டர் பட்டத்தோடு திரும்பினார்.

எக்ஸ் கதிர் எப்படி உள்ளே இருப்பதைக் காட்டும்?

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே எலும்பின் நிழலைப் படம் பிடிக்கிறது. இது வேறு மாதிரி. செம்பு, இரும்பு மாதிரியான உலோகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் வெறும் கட்டி. உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காக அமர்ந்திருக்கும். கோயில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை மேலும் கீழுமாகப் பல அடுக்கு வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி.

அணுக்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரு மில்லிமீட்டரில் கோடியில் சில பங்குதான். எக்ஸ் கதிரின் அலைநீளமும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் கதிர் உள்ளே போய்ப் பட்டதும், ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் சிதறி வரும் அலைகள் ஒன்றோடு ஒன்று கலக்கின்றன. சில திசைகளில் அவை சேர்ந்து பலமாகும். மற்ற திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிலிமில் விழுவது புள்ளிகளும் வளையங்களும்தான். அந்தப் புள்ளிகள் எந்தக் கோணத்தில் விழுகின்றன என்று அளந்தால், அடுக்குகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கணக்கு போட்டுவிடலாம். இதற்குப் பெயர் விளிம்பு விளைவு.

1912-ல் ஜெர்மனியில் லாவே குழு இதை முதலில் காட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் பிராக் என்ற அப்பா-மகன் ஜோடி அதை ஒரு கருவியாகவே மாற்றியது. செம்பில் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அணு இருக்கும். அறை வெப்பநிலையில் இரும்பில் எட்டு மூலைகளிலும் உடலின் நடுவில் ஒன்றும் இருக்கும். இதெல்லாம் இப்படித்தான் தெரிய வந்தது.

உலோகத்தில் வரிசை ஒழுங்காக இருப்பதால் புள்ளிகள் பளிச்சென்று விழும். தோலில் அந்த வசதி கிடையாது. கொலாஜன் ஒரு நார். அதன் மேல் எக்ஸ் கதிர் விழுந்தால் கிடைப்பது மங்கலான சில வில்களும் பட்டைகளும்தான். அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அணுக்களின் இடத்தைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வளாகத்திலிருந்து வந்த கங்காரு வால்

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார் புதிதாக ஓர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். அதன் தலைவராகப் பொறுப்பேற்றபோது ராமச்சந்திரனுக்கு சுமார் 30 வயது. எதை ஆராய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில், பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு இதுவரை சொல்லப்பட்ட எந்த வடிவமும் திருப்தியாக இல்லை என்று அவர் சொன்னதுதான் பொறி. 1951-ல் அமெரிக்காவின் லைனஸ் பாலிங்கே ஒரு வடிவம் சொல்லி, அது தவறாகப் போயிருந்தது.

ராமச்சந்திரனுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது. 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே அடையாறில் இருந்தது. பேரணாம்பட்டு, ஆம்பூர் தொழிற்சாலைகளின் தொழில்நுட்பப் பிரச்சினைகளுக்கு இன்றும் பதில் தேடும் அதே நிறுவனம்தான். அங்கிருந்து அவருக்குக் கிடைத்தது கங்காருவின் வால் தசைநாரிலிருந்து எடுத்த சுத்தமான கொலாஜன். அதில் எக்ஸ் கதிர்ப் படம் தெளிவாக விழுந்தது.

உடன் வேலை செய்தவர் கோபிநாத் கர்த்தா. இருவருக்கும் பெரிய துப்பு கொடுத்தது வேதியியல். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. கொலாஜனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். அப்படியென்றால், மாலையில் ஒவ்வொரு மூன்றாவது மணியும் கிளைசினாக இருக்கலாம் அல்லவா? மூன்று மாலைகளைச் சேர்த்து முறுக்கினால், நெருக்கடியான நடுப்பகுதியில் கிளைசின் மட்டும்தான் அடங்கும்.

1954 ஆகஸ்ட் 7-ம் தேதி 'நேச்சர்' இதழில் முதல் கட்டுரை வெளியானது. 1955-ல் திருத்திய வடிவம் வந்தது: மூன்று இழைகள், ஒவ்வொன்றும் தனியாக முறுக்கியது, மூன்றும் சேர்ந்து மறுபடி ஒரு கயிறாக முறுக்கியது. பூமியைச் சுற்றும்போது நிலா எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறதே, அந்த யோசனையிலிருந்துதான் இந்த இரட்டை முறுக்கு அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள்.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த அடி

சந்தோஷம் நீடிக்கவில்லை. 1955-லேயே அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் எதிர்ப்புக் குரல் கொடுத்தார்கள். கிரிக் சாதாரண ஆள் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வாட்சனோடு சேர்ந்து டிஎன்ஏ வடிவத்தைச் சொல்லியிருந்தார்.

மூன்றிழைக் கயிறு என்ற அடிப்படையை அவர்களும் ஏற்றார்கள். ஆனால் சென்னை வடிவத்தில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கமாக இருக்கின்றன, இயற்கையில் அப்படி இருக்க முடியாது என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ராமச்சந்திரன் சொன்னதை மாற்றி, ஒன்றுதான் என்றார்கள். பல பாடப்புத்தகங்களில் அவர்களுடைய வடிவமே முன்னுக்கு வந்தது.

இந்த இடத்தில் பலர் சண்டையோடு நின்றிருப்பார்கள். ராமச்சந்திரன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதை யாராவது ஒழுங்காக அளந்திருக்கிறார்களா?

அதுவரை வெளியான படிக ஆய்வுகளை எல்லாம் புரட்டி, எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் இடையே குறைந்தது எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பட்டியல் போட்டது அவர் குழு. பிறகு சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அடுத்த படிக்குப் போனார். புரத மாலையில் ஒவ்வொரு மணியின் இரு பக்கமும் இரண்டு கோணங்களில் திரும்ப முடியும். அந்த இரண்டு கோணங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எந்தத் திருப்பத்தில் அணுக்கள் முட்டிக்கொள்கின்றன, எதில் முட்டாது என்று வரைபடம் போட்டார்கள். கையில் இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

1963-ல் வெளியான அந்தப் படம்தான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. படத்தில் பெரும்பகுதி காலி. அனுமதிக்கப்பட்ட இடங்கள் சில தீவுகள் மட்டுமே. இயற்கையில் எத்தனையோ விதமான புரதங்கள் இருந்தும், அவற்றின் மணிகள் பெரும்பாலும் இந்தச் சில தீவுகளுக்குள்தான் விழுகின்றன.

இன்று உலகில் எந்த ஆய்வகம் புதிய புரத வடிவத்தை வெளியிட்டாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். தீவுக்கு வெளியே புள்ளிகள் நிறைய விழுந்தால், எங்கோ தப்பு நடந்திருக்கு என்று அர்த்தம். தன் வடிவத்தைக் குறை சொல்ல எழுப்பப்பட்ட கேள்வியையே, எல்லோருடைய வடிவத்தையும் சோதிக்கும் உரைகல்லாக மாற்றிவிட்டார்.

கடைசியில் யார் சொன்னது சரி?

1968-ல் ராமச்சந்திரனே தன் கருத்தைச் செம்மைப்படுத்தினார். இரண்டாவது பிணைப்பு நேரடியாக இல்லாமல், நடுவில் ஒரு நீர் மூலக்கூறு பாலமாக இருந்து அமையலாம் என்றார். 1994-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், கொலாஜன் போன்ற ஒரு சிறு இழையைப் படிகமாக்கி மிகத் துல்லியமாகப் பார்த்தார்கள். மூன்றிழைக் கயிறு உறுதியானது. நேரடிப் பிணைப்பு ஒன்றுதான். அந்த விஷயத்தில் ரிச்சும் கிரிக்கும் சரி. ஆனால் கயிற்றைச் சுற்றி நீர்ப் பாலங்களும் இருந்தன. அதாவது, இரண்டு தரப்புக்கும் பங்கு உண்டு. மூன்றிழை என்று முதலில் சொன்ன பெருமை சென்னைக்கு.

இப்போது பேரணாம்பட்டுக்குத் திரும்புவோம்

ஆட்டுக்கால் பாயா ஆறியதும் ஜெல்லி மாதிரி உறைவதைப் பார்த்திருப்பீர்கள். வெந்நீரில் கொலாஜனின் மூன்றிழை முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிட்டதன் அடையாளம் அது. பச்சைத் தோலைக் கொதிநீரில் போட்டாலும் அதே கதிதான், சுருங்கிக் கூழாகும். பாக்டீரியாவும் இந்தக் கயிறுகளைத்தான் அறுத்துத் தின்கிறது.

டிரம்மில் குரோமியம் உப்போடு தோல் சுற்றும்போது, குரோமியம் பக்கத்துப் பக்கத்துக் கயிறுகளைப் பிணைத்துக் கட்டிவிடுகிறது. பிறகு முறுக்கு எளிதில் அவிழாது, பாக்டீரியாவும் எளிதில் நுழையாது. குரோம் தோல் சரியாகப் பதமாகிவிட்டதா என்று பார்க்க, ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்ப்பார்கள். சுருங்கவில்லை என்றால் பாஸ். பழைய முறையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் செய்த வேலையும் கிட்டத்தட்ட இதுதான்; பிணைக்கும் பொருள் மட்டும் வேறு.

இந்த அறிவுக்கு இன்று இன்னொரு அவசரமும் இருக்கு. குரோமியக் கழிவு பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் என்ன செய்தது என்பது இந்தப் பகுதி மக்களுக்குத் தெரியும். குரோமியத்தைக் குறைத்து வேறு எதை வைத்துக் கட்டலாம் என்று தேடும் ஒவ்வொரு ஆராய்ச்சியும், கயிறுகள் எப்படி அமைந்திருக்கின்றன என்ற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்கேன் வரை போன கணக்கு

1970-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூருக்கே திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டெடுக்க வேகமான ஒரு கணக்கு முறையைச் சொன்னார். சி.டி. ஸ்கேன் இயந்திரங்கள் படத்தை உருவாக்கும் விதத்தில் இந்த வகைக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

1961-ல் பட்நாகர் விருது, 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் படிகவியலின் உயரிய கௌரவமான ஏவால்ட் பரிசு என அங்கீகாரங்கள் வந்தன. நோபல் மட்டும் வரவில்லை. கடைசிக் காலத்தில் பார்கின்சன் நோய் அவரை முடக்கியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் ராமச்சந்திரன் மறைந்தார்.

கிண்டியில் அவர் தொடங்கிய துறை, படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் உயராய்வு மையமாக இன்றும் இயங்குகிறது. பக்கத்திலேயே தோல் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. அடுத்த முறை ஆம்பூர் ஷூ ஒன்றைக் கையில் எடுத்தால், அதற்குள் இருக்கும் மூன்றிழைக் கயிற்றை உலகத்துக்கு முதலில் காட்டிய இடம் இந்த வளாகம்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.