கண் இழந்தும் உளம் இழவாத ஹென்றி பாஸெட்

1833-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாலிஸ்பரியிற் பிறந்த ஹென்றி பாஸெட், பார்லிமெண்டிற் புக இளமையிலேயே விழைந்தவர். 1858-ல், தமது 25-ஆம் வயதில், தந்தையாருடன் வேட்டைக்குச் சென்றார். தந்தையாரின் துப்பாக்கியினின்று தவறிச் சிதறிய ரவைகள் அவர்தம் இரு கண்களையும் அவித்தன.

தந்தையார் அதனை ஆற்றொணாத் துயரெனக் கொண்டு நைந்தார். மைந்தரோ, இயன்றவரை முன்போலவே வாழ்வதெனச் சில நிமிஷங்களில் உறுதி பூண்டார். தந்தையாரின் மனப்புண் ஆறுமாறு முகமலர்ச்சியுங் காத்தார். படகு வலித்தலையும் உறைபனிமேற் சறுக்குதலையும் விட்டாரிலர்.

1863-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பொருளாதாரப் பேராசிரியரானார். 1865-ல் பார்லிமெண்டிற் புகுந்தார். இந்திய ஏழைகளின் வரிப்பணம் வீணாகாவண்ணம் ஆங்கு வாதாடி, இந்தியாவின் பிரதிநிதி எனப் பெயர் பெற்றார். 1880-ல் தபால் இலாகாத் தலைமை ஏற்று, 1883-ல் பார்சல் தபாலை ஏற்படுத்தி, 1884-ல் காலமானார்.

நேர்ந்த துன்பம் இருவர்க்கும் ஒன்றே. அதனை நோக்கும் நோக்கன்றோ மனிதன் குணத்தை ஒடிப்பதும் உரமாக்குவதும்!