மகளுக்குக் கிரேக்கக் கதை சொன்ன நேரு

நவம்பர் 14 வந்தால் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுக்கிறோம். நேரு தம் சொந்தக் குழந்தைக்கு என்ன கொடுத்தார் என்று யோசித்திருக்கிறீர்களா?

1889-ல் அலகாபாத்தில் பெரிய வக்கீல் வீட்டில் பிறந்தவர் அவர். ஹாரோவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். காந்தியடிகளின் வழிக்கு வந்தபின் வாழ்நாளில் சுமார் 9 ஆண்டுகள் சிறையிலேயே கழிந்தன.

1930 அக்டோபரில் நைனி சிறையில் இருந்தபோது மகள் இந்திராவுக்கு 13-வது பிறந்த நாள் வந்தது. பரிசு வாங்கி அனுப்ப வழியில்லை. அதனால் உலக வரலாற்றையே கடிதங்களாக எழுத ஆரம்பித்தார். பக்கத்தில் நூலகம் கிடையாது. குறிப்பு நோட்டுகளும் ஞாபக சக்தியும்தான் துணை.

1931 ஜனவரி 1 அன்று மனைவி கமலாவும் கைதானார். தந்தை மோதிலால் கடும் நோயில் இருந்தார். அந்த ஜனவரியில்தான் பண்டைக் கிரேக்கத்தைப் பற்றி எழுதினார். சிறிய ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மாபெரும் பாரசீகப் படையை எப்படி எதிர்த்து நின்றன என்பதை, மராத்தான், தெர்மாபிலே, சலாமிஸ் போர்களின் வழியாகக் கதைபோல் விளக்கினார். ஜனநாயகம் பேசிய அந்த நகரங்களில் அடிமைகளுக்கு உரிமை இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

அலெக்சாண்டரை எல்லாரும் மாவீரன் என்று சொல்லிக்கொடுக்க, நேரு அவருடைய கர்வத்தையும் தீப்ஸ் நகரை அழித்த கொடுமையையும் மகளுக்கு எடுத்துக்காட்டினார். நாடு பிடித்தவன் எல்லாம் பெரியவன் அல்ல என்று சின்ன வயதிலேயே அவள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம்.

ஜனவரி 26 அன்று விடுதலையானார். பிப்ரவரி 6 அன்று தந்தை காலமானார். மீண்டும் சிறை சென்றபோதும் எழுதுவதை விடவில்லை. 1933 ஆகஸ்டில் முடித்தபோது மொத்தம் 196 கடிதங்கள். அடுத்த ஆண்டு அவை நூலாயின. 1936-ல் கமலாவும் மறைந்தார். மகளின் பள்ளிப் பருவத்தில் உடனிருக்க முடியாத தகப்பன் தந்த சொத்து அந்தக் கடிதங்கள்தான். நாட்டின் முதல் பிரதமராகி, 1964 மே 27 அன்று நேரு காலமானார்.

இந்நூல் தமிழிலும் 'உலக சரித்திரம்' என்று வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கிரேக்கக் கடிதங்களை மட்டுமாவது ஒன்றொன்றாக வாசித்துக் காட்டுங்கள். வாசித்தபின், அலெக்சாண்டர் நல்லவரா என்று கேட்டுப் பாருங்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.