சோழிகளால் கிரகணம் கணித்த தமிழர்

கணினியின் முன்னோடி என்றால் 1642-இல் பாஸ்கல் செய்த கூட்டல் பொறியைச் சொல்கிறோம். பாஸ்கலின் நாட்டுக்காரர் ஒருவர், கடலூருக்குச் சற்று வடக்கே புதுச்சேரியில் கண்ட கணக்குமுறையை அதிகம் பேசுவதில்லை.

அவர் லெ ஜென்டீல். 1725-இல் பிறந்த பிரெஞ்சு வானியலாளர். வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க 1760-இல் கப்பலேறினார். வழியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானது. 1761 ஜூன் 6 அன்று, ஆடும் கப்பலில் எதையும் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான். அவர் ஊர் திரும்பாமல் காத்திருந்தார்.

1768-இல் புதுச்சேரி வந்தவர், உள்ளூர் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றார். காகிதமோ எழுதுகோலோ இல்லை. சோழிகளை நகர்த்தி, மனப்பாடச் செய்யுள்களில் இருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு, தமிழர் ஒருவர் சுமார் முக்கால் மணி நேரத்தில் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணம் அது. அதன் கால அளவில் தமிழரின் கணக்கு 41 விநாடி குறைந்தது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான மேயருடையதோ 68 விநாடி கூடியது!

1769 ஜூன் 4 காலை, புதுச்சேரி வானத்தை மேகம் மூடியது. 1771-இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி, வாரிசுகள் சொத்துக்குக் கைநீட்டியிருந்தனர். அகாடமியிலும் அவரது இடம் போயிருந்தது. அந்த இடம் பின்னர் கிடைத்தது. சோழிக் கணக்கு 1779-இல் அவரது பயண நூலில் அச்சேறியது.